எந்தக் கியர் காணவில்லை? பிரித்துக் கட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

"அண்ணே, எங்க போனாலும் முன்பக்கமா வெளிய வர்ற மாதிரி இடம் பார்த்துத்தான் நிறுத்துறேன்" என்றார் அந்த வண்டிக்காரர். 2003 செவர்லே டாஹோ. கியர்பாக்ஸை வேறொரு ஒர்க்ஷாப்பில் இறக்கி, முழுதாகப் பிரித்து, புது கிளட்ச் போட்டுக் கட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ரிவர்ஸ் சுத்தமாக இல்லை. முன்னால் போகும். கொஞ்சம் வேகம் எடுத்ததும் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி சும்மா உருளும். பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு ஓடும்.

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கடையின் உஸ்தாத், அதாவது தலைமை மெக்கானிக், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டே கேள்விதான் கேட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நழுவுகிறதா? இல்லை. ஹைவேயில் கடைசி கியர் விழுகிறதா? அதுவும் இல்லை. "சன் ஷெல் உடைஞ்சிருக்கு, இறக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் பிரித்தபோது அதேதான் உடைந்திருந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஒரு கியர் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் யாரும் போடக்கூடிய கணக்கு இது. உதாரணத்துக்கு அந்த டாஹோவில் இருந்த 4எல்60ஈ கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடலில் கொண்டுவந்த 700ஆர்4தான் இதன் மூலம். 1990இல் 4எல்60 என்று பெயர் மாறியது. 1993இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு சேர்ந்து, பெயரின் வாலில் 'ஈ' ஒட்டிக்கொண்டது. சில்வராடோ, டாஹோ, கமாரோ, கார்வெட் என்று அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இதுதான் ஓடியது. ஆஸ்திரேலிய ஹோல்டன், வளைகுடாவில் செவர்லே லூமினா என்ற பெயரில் விற்றபோதும் அடியில் இருந்தது இதே பெட்டிதான். நான் அதிகம் பிரித்துப் பார்த்ததும் இதைத்தான்.

கையால் கியர் போடும் வண்டியில் உள்ளே ஒரு வளையத்தை நகர்த்தி, ஒரு கியரை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறோம். ஆட்டோமேட்டிக்கில் அப்படி எதுவும் நகர்வதில்லை, பற்கள் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். நடுவில் சூரியன் போல ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஒரு கூண்டில் மாட்டிய சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே உட்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். இந்த மூன்றில் ஒன்றைச் சுற்றிவிட்டு இன்னொன்றை அசையாமல் பிடித்தால், மூன்றாவது வேறொரு வேகத்தில் சுற்றும். பிடிக்கிற ஆளை மாற்றினால் வேகம் மாறும், சில சமயம் திசையே திரும்பிவிடும். இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டால் மொத்தமும் ஒரே கட்டையாகச் சுற்றும். யாரையும் பிடிக்காவிட்டால் நியூட்ரல். இப்படி இரண்டு செட்டை அடுத்தடுத்து வைத்துத்தான் முன்னால் நான்கு கியரும் பின்னால் ஒரு கியரும் வருகின்றன.

ஆக, 'இரண்டாம் கியர்' என்று தனியாக ஒரு பொருள் உள்ளே கிடையாது. இன்னாரும் இன்னாரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் இரண்டாம் கியர், அவ்வளவுதான். பிடிக்கிறவர்கள் மூன்று வகை. கிளட்ச் பேக் என்பது உராயும் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கியது, ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளினால் இறுகும். பேண்ட் என்பது டிரம்மைச் சுற்றிய ஒரு பட்டை, சர்வோ என்ற ஆயில் பிஸ்டன் அதை இறுக்கினால் டிரம் நிற்கும். மூன்றாவது ஒருவழி கிளட்ச். சைக்கிளின் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் விட்டுவிடும்.

4எல்60ஈயில் முன்னால் போகிற எல்லாக் கியருக்கும் ஃபார்வர்ட் கிளட்ச் உள்ளே இருக்கும். அதோடு லோ ரோலர் என்ற ஒருவழி கிளட்ச் சேர்ந்தால் முதல் கியர். 2-4 பேண்ட் சேர்ந்தால் இரண்டாவது. பேண்ட் விட்டு, 3-4 கிளட்ச் பிடித்தால் மூன்றாவது. 3-4 கிளட்சும் பேண்டும் சேர்ந்தே பிடித்தால் நான்காவது. ரிவர்ஸுக்கு வேறு ஆட்கள்: ரிவர்ஸ் இன்புட் கிளட்ச், லோ-ரிவர்ஸ் கிளட்ச். இன்னும் ஒரு நுணுக்கமும் உண்டு. பேண்ட் பிடிக்கிற டிரம்மும் ரிவர்ஸில் சூரியச் சக்கரத்தைச் சுற்றுகிற டிரம்மும் ஒன்றே. அந்த டிரம்முக்கும் சூரியச் சக்கரத்துக்கும் நடுவில் சட்டி போல ஒரு இரும்புக் கூடு இருக்கிறது. அதுதான் சன் ஷெல்.

இப்போது உஸ்தாத்தின் கணக்கைப் போடுங்கள். முதலும் மூன்றும் நன்றாக இருக்கின்றன. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் இல்லை. இல்லாத இந்த மூன்றுக்கும் பொதுவான ஆள் யார்? பேண்ட் என்றால் ரிவர்ஸ் கெட்டிருக்கக் கூடாது, ரிவர்ஸில் பேண்டுக்கு வேலையே இல்லை. ரிவர்ஸ் கிளட்ச் என்றால் இரண்டாவது போயிருக்கக் கூடாது. மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது அந்தக் கூடு மட்டும்தான். கழுத்தில் பல் அறுந்துபோனால், பேண்ட் டிரம்மை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சூரியச் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். முன்பு கட்டியவர் கிளட்ச் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார், கூட்டை மட்டும் கழுவி அப்படியே திரும்ப வைத்துவிட்டார். இந்தப் பெட்டியில் சன் ஷெல் அறுவது பெயர்பெற்ற வியாதி. விலையும் பெரிதில்லை. அதை மாற்றாமல் மூடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

இதே கணக்கை மற்ற கியர்களுக்கும் நீட்டலாம். மூன்றும் நான்கும் மட்டும் இல்லை, இரண்டாவது வரை பிரமாதம், ரிவர்ஸும் உண்டு என்றால் 3-4 கிளட்ச். இந்தப் பெட்டியில் முதலில் கருகுவது பெரும்பாலும் இதுதான். இரண்டும் நான்கும் மட்டும் இல்லாமல் ரிவர்ஸ் நன்றாக இருந்தால் பேண்ட் அல்லது சர்வோ. இங்கே கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது, சர்வோவின் மூடி பக்கவாட்டில் வெளியே இருப்பதால் பெட்டியை இறக்காமலே கழற்றிப் பார்க்கலாம். ரிவர்ஸ் மட்டும் இல்லையென்றால் அதற்குரிய இரண்டு கிளட்சுகள். லிவரை 'டி'யில் போட்டால் நகரவே இல்லை, ஆனால் '1'க்கு இழுத்தால் கிளம்புகிறது என்றால் ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை. ஏனென்றால் '1'இல் வைத்தால் அதற்குத் துணையாக வேறு கிளட்சுகளும் சேர்ந்து பிடிக்கும். புதிதாகக் கட்டிய பெட்டியில் இது வந்தால், கட்டியவர் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டாரா என்றுதான் நான் முதலில் யோசிப்பேன். மேசை மேல் வைத்துக் கையால் ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

எந்தக் கியர் இல்லை என்பதோடு, அது எப்படி இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. கியர் நழுவுகிறதா, அல்லது தப்பான கியர் கெட்டியாகப் பிடிக்கிறதா? நழுவினால் ஆர்பிஎம் முள் ஏறும், வண்டி ஏறாது. பிடிக்க வேண்டிய கிளட்ச் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தப்பான கியர் என்றால் வண்டி இழுக்கும், ஆனால் மாட்டு வண்டி மேடேறுவது போல இழுக்கும். உள்ளே கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, உத்தரவுதான் தப்பாக வருகிறது.

உத்தரவு கொடுப்பது இரண்டு ஷிப்ட் சொலனாய்டுகள், ஏ, பி என்று. கம்ப்யூட்டர் அனுப்பும் கரண்டில் ஆயில் வழியைத் திறந்து மூடும் சின்ன மின் வால்வுகள் இவை. இரண்டுக்கும் கரண்ட் இருந்தால் முதல் கியர். ஏ அணைந்து பி மட்டும் இருந்தால் இரண்டாவது. இரண்டும் அணைந்தால் மூன்றாவது. ஏ மட்டும் இருந்தால் நான்காவது. இதை ஒரு தாளில் எழுதி ஒர்க்ஷாப் சுவரில் ஒட்டிவையுங்கள். ஏ சொலனாய்டு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் முதல் கியர் கேட்டால் பி மட்டும் வேலை செய்து இரண்டாவது வரும். இரண்டாவது கேட்டால் இரண்டாவதே. மூன்றாவது சரியாக வரும். நான்காவது கேட்டாலும் மூன்றாவதுதான். ஓட்டுகிறவருக்கு முதலும் கடைசியும் காணாமல் போனது போலத் தோன்றும். ஆனால் எங்கேயும் நழுவாது. கிளட்ச் கணக்குப்படி பார்த்தால் முதலும் நான்கும் சேர்ந்து போக ஒரு காரணமும் கிடையாது, அந்த முரண்பாடே சொலனாய்டு பக்கம் கையைக் காட்டிவிடுகிறது.

இன்னும் எளிய ஒன்று. வண்டி எப்போதும் மூன்றாம் கியரிலேயே கிளம்புகிறது, 'டி'யிலோ 'ஆர்'இலோ போட்டதும் முதுகில் அறைவது போலப் பிடிக்கிறது. கரண்டே போகவில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். இரண்டு சொலனாய்டும் அணைந்திருப்பதால் மூன்றாவது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற இன்னொரு சொலனாய்டு தலைகீழாக வேலை செய்யும்: சுமார் 1.1 ஆம்பியர் போனால் அழுத்தம் குறைவு, கரண்டே இல்லாவிட்டால் உச்சம். கம்ப்யூட்டர் செத்தாலும் கிளட்ச் நழுவிக் கருகாமல் வீடு போய்ச் சேரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. புதிதாக ஏற்றிய பெட்டியில் இப்படி இருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வட்டமான ஒயர் கனெக்டர் கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைப் பார்க்காமல் பெட்டியை மறுபடி இறக்கியவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை நானும் இறக்கியிருக்கிறேன்.

பழைய பெட்டி தேய்ந்து கெட்டது. கட்டிய பெட்டி கெட்டதென்றால் கட்டிய கையையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும். அதனால் பார்க்கும் வரிசையும் மாறும்: கடைசியாக யார் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கிருந்து தொடங்கி, வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

ஆயில் அளவுதான் முதல். அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பான்) மட்டும் கழற்றி மாட்டினால் சுமார் 5 லிட்டர் போதும். முழுதாகப் பிரித்த பெட்டிக்கு, இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் காலியாக இருந்து அதையும் சேர்த்தால், பெரிய கன்வர்ட்டர் உள்ள வண்டியில் 10 லிட்டரைத் தாண்டும். வழக்கமான ஐந்து லிட்டரை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, சூடான பிறகு, லிவர் 'பி'யில் இருக்கும்போது. டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து மோந்து பாருங்கள். புது ஆயில் சிவப்பாக, லேசான எண்ணெய் வாசனையோடு இருக்கும். கட்டி இரண்டு வாரத்தில் பழுப்பாகிக் கருகின முடி போல நாறினால், உள்ளே ஒரு கிளட்ச் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள். நுரைத்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. ஃபில்டரின் கழுத்து சீல் சரியாக உட்காரவில்லை, அல்லது பழைய சீலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை அழுத்தியிருக்கிறார்கள். திருப்பத்தில் ஒரு கணம் பிடி விட்டுப் போவதும் 'டி' போட்டால் தாமதித்துப் பிடிப்பதும் இதன் வழக்கம்.

அடுத்தது லிவர் கேபிள். காட்டும் எழுத்து 'டி'யாக இருக்கும், உள்ளே வால்வு பாதி வழியில் நிற்கும். அழுத்தம் கசிந்து கிளட்ச் மெதுவாகக் கருகும். கேபிளை வால்வுக்குப் பொருத்தி ஒருமுறை சரிசெய்வதோடு இது தீர்ந்துவிடும்.

கூலரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழாய்க்குள் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. பழைய பெட்டி செத்தபோது உதிர்ந்த கிளட்ச் துகளும் உலோகப் பொடியும் அங்கேதான் போய்த் தங்கும். கூலரைக் கழுவாமல் புதுப் பெட்டியை மாட்டினால் அந்தக் குப்பை முழுவதும் நேராகப் புது வால்வ் பாடிக்குள், அதாவது ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பங்கிடும் பகுதிக்குள், வந்து இறங்கும். பாதி அடைத்திருந்தால் ஆயில் கொதிக்கும். ஜூலை மதியம் 45 டிகிரி வெயிலில், நெரிசலில் நிற்கும் வண்டிக்கு அது போதும். கட்டிய பெட்டி சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே திரும்பி வந்தால் உஸ்தாத் கேட்கிற முதல் கேள்வி "கூலர் கழுவினாயா?" என்பதுதான். பதில் சொல்லத் தயங்கினாலே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

கியர்பாக்ஸுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இடத்திலும் காரணம் ஒளிந்திருக்கும். எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் தீர்மானிப்பது இன்ஜின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்பதை வைத்துத்தான். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரில் தூசி படிந்தால், இன்ஜின் சும்மா இருக்கிறது என்று நம்பி அழுத்தத்தைக் குறைத்துவிடும். கியர் வெண்ணெய் போல மாறும். ஓட்டுகிறவருக்கு ஆனந்தம், கிளட்சுக்குச் சாவு. பாலைவனத்தில் ஏறுவதற்கென்று பெரிய டயர் மாட்டி, கம்ப்யூட்டரில் அளவை மாற்றாமல் விட்டிருந்தால் கியர் மாறும் வேகமே தப்பாக இருக்கும். பெட்டியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கம்ப்யூட்டர் இல்லாத 700ஆர்4 வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் என்று ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும். அதற்கு முந்தைய டர்போ 350 பெட்டியில் இதுபோன்ற கேபிள் கீழ்க் கியருக்கு இறங்குவதற்கு மட்டும்தான். அந்த நினைப்பில் இதையும் ஏனோதானோ என்று மாட்டுவார்கள், சிலர் மாட்டாமலே ஓட்டுவார்கள். 700ஆர்4இல் மொத்த ஆயில் அழுத்தமும் இந்தக் கேபிளில்தான் தொங்குகிறது. தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமாக, மென்மையாக மாறும், 3-4 கிளட்ச் கருகும். புதுக் கேபிளானாலும் காலை முழுக்க அழுத்தும்போது அது முழுக்க இழுபடுகிறதா என்று பார்க்காமல் வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பிரஷர் கேஜ். பெட்டியின் இடப்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைக் கழற்றி 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை மாட்டுங்கள். ஐடிலில் ஒரு அளவு காட்டும், ரிவர்ஸில் அதைவிட ஏறும், காலை அழுத்தினால் இன்னும் ஏறும். எண்ணைவிட முள் காலோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். எல்லா நிலையிலும் தாழ்ந்தே இருந்தால் பம்ப், ஃபில்டர், ஆயில் அளவு. ஒரு கியரில் மட்டும் சரிந்தால் அந்தக் கியருக்குரிய கிளட்சின் வழியில் கசிவு. குளிரில் நன்றாக இருந்து சூடானதும் விழுந்தால், இளகிய ஆயில் தேய்ந்த இடைவெளி வழியாகத் தப்பிக்கிறது.

தேய்ந்த இடைவெளி என்றதும் பி1870 என்ற கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண், நினைவுக்கு வருகிறது. 4எல்60ஈ வைத்திருப்பவர்களுக்கு இது கெட்ட கனவு. "ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு மாறும்போது அடிக்குது, கிளட்ச் மாத்தியும் போகல" என்று வருவார்கள். உண்மையில் அடிப்பது நோய் இல்லை, கம்ப்யூட்டர் கொடுக்கிற முதலுதவி. டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக்-அப் கிளட்ச் உண்டு, சீரான வேகத்தில் இன்ஜினையும் பெட்டியையும் நேராகக் கட்டிப்போடும். அதை இயக்கும் வால்வு, அலுமினிய வால்வ் பாடியில் தன் துளையைத் தேய்த்துத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும். லாக்-அப் நழுவும். அதைக் கண்ட கம்ப்யூட்டர் லாக்-அப்பை நிறுத்திவிட்டு அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றும். அந்த அழுத்தத்தில்தான் கியர் அடிக்கிறது. கிளட்ச் எத்தனை முறை மாற்றினாலும் துளை பெரிதாகத்தான் இருக்கும். துளையைச் சீவி ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் நல்ல வால்வ் பாடி வாங்க வேண்டும்.

கோடு எதுவும் இல்லாமல் அடித்தால் வேறு வழியில் தேடுங்கள். பழைய பெட்டி நழுவிக்கொண்டிருந்த காலத்தில் கம்ப்யூட்டர் அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கற்றுவைத்திருக்கும். ஸ்கேனரில் அதை அழிக்காமல் புதுப் பெட்டியை ஓட்டினால் பழைய பாடத்தையே ஒப்பிக்கும். அல்லது வால்வ் பாடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன இரும்புக் குண்டு ஒன்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரியது, இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். மாட்டும்போது விழாமலிருக்க வாஸ்லின் தடவி ஒட்டுவோம். ஒன்று மேசைக்கு அடியில் உருண்டு போனாலும் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் ஒரு கியர் மட்டும் கோபத்தோடு மாறும்.

இவ்வளவையும் ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. காலியான சாலையில், கால் அழுத்தத்தை மாற்றாமல், ஆர்பிஎம் முள்ளை மட்டும் கவனியுங்கள். இந்தப் பெட்டியின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. அதன்படி 3000இல் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறினால் முள் 1600 பக்கம் விழ வேண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 1840 பக்கம், மூன்றிலிருந்து நான்குக்கு 2100. கன்வர்ட்டர் கொஞ்சம் வழுக்கும் என்பதால் அப்படியே பொருந்தாது, ஆனால் எந்தக் கியர் வந்தது என்று அடையாளம் காண இது போதும். விழுவதற்கு முன் முள் ஒரு துள்ளு துள்ளினால் வரவேண்டிய கிளட்ச் தாமதிக்கிறது. நான்காவது வந்ததா, லாக்-அப் விழுந்ததா என்று பலர் குழம்புவார்கள். வேகத்தை மாற்றாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். முள் சில நூறு ஏறி, காலை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் இறங்கினால் அது லாக்-அப்.

ஓட்டிப் பார்த்ததை ஒரு தாளில் எழுதிவையுங்கள். ஐந்து வரிதான்: முதல், இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரில் பிடித்தது, நழுவியது, அடித்தது, வரவே இல்லை என்று எழுதுங்கள். குளிரிலா சூட்டிலா என்றும் எழுதுங்கள். "கியர் சரியில்லை" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தால் மெக்கானிக் பெட்டியை இறக்குவார். இந்தத் தாளைக் கொடுத்தால் முதலில் தாளைப் படிப்பார்.

டாஹோக்காரர் புது ஷெல்லோடு வண்டியை எடுத்துப் போய் ஒரு மாதம் கழித்து ஆயில் பார்க்க வந்தார். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்தது. ஆனால் வண்டியை எங்கள் வாசலில் இன்னும் முன்பக்கமாக வெளியே போகிற மாதிரிதான் நிறுத்தியிருந்தார்.